ரெக்கார்டு பிளேயருக்குள் ரேடியோ பேசினால் என்ன செய்வது?

கேள்வி சுருக்கமாக இது: திருச்சியில் நான்காவது மாடியில் வீடு. பழைய ஸ்டீரியோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), இரண்டு ஸ்பீக்கர், சமீபத்தில் வாங்கிய ரெக்கார்டு பிளேயர். ஆம்பை ஃபோனோவுக்கு, அதாவது ரெக்கார்டு பிளேயருக்கான இன்புட்டுக்குத் திருப்பினால் இசைத்தட்டு ஓடாதபோதும் பின்னால் மெல்லிசாக ரேடியோ கேட்கிறது. செய்தி வாசிப்பது வார்த்தை வார்த்தையாகப் புரிகிறது. நள்ளிரவு நெருங்கினால் அது நின்றுவிடுகிறது. இது போதாதென்று சாயங்காலம் ஏழரை, எட்டு மணிக்கு மேல் ‘ஜ்ர்ர்ர்’ என்று இன்னொரு இரைச்சல், எந்த இன்புட்டில் வைத்தாலும். விலை கூடிய ஷீல்டு கேபிள் மாற்றியும் பயனில்லை. எலக்ட்ரீஷியன் சொன்னபடி பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றியதில் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. இனி என்ன செய்யலாம்?

முதலில் அந்த எர்த் பின்னைத் திரும்ப மாட்டிவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் ஆம்புக்கு இரும்புப் பெட்டி. உள்ளே டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் என்றைக்காவது போனால் 230 வோல்ட் அந்தப் பெட்டி மேலேயே வந்து உட்காரும். எர்த் வயர் இருந்தால் ஃபியூஸ் போகும் அல்லது டிரிப்பர் விழும். இல்லையென்றால் வால்யூமைத் திருகப் போகிற உங்கள் கைதான் எர்த். கழற்றியபோது ‘கொஞ்சம் குறைந்தது’ என்கிறீர்களே, அது ரேடியோவோ ஜ்ர்ர் சத்தமோ இல்லை. இரண்டு கருவிகள் இரண்டு வழியாக எர்த் ஆகும்போது வரும் ‘ம்ம்ம்’ என்ற ஹம் அது. உங்களிடம் கொஞ்சம் அதுவும் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். டிவியும் செட்டாப் பாக்ஸும் ஆம்பும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் இருந்தாலே பெரும்பாலும் அது அடங்கிவிடும்.

எர்த் பின்னை மாட்டிய கையோடு, அந்த பிளக் பாயின்டில் உண்மையிலேயே எர்த் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று ஓட்டை இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. நான் பார்த்த பழைய அடுக்ககங்களில் இது சாதாரணம். வயர் இருந்தாலும் கீழே எர்த் குழி காய்ந்து கிடக்கும். உப்பும் கரியும் போட்ட குழிக்குக் கோடையில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுகிற பழக்கம் சும்மா வந்ததில்லை. ஆம்பின் பெட்டியைப் புறங்கையால் தடவினால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதா? எர்த் இல்லாத இடத்தில் ஒரு லேப்டாப் சார்ஜரோ செட்டாப் பாக்ஸோ இணைந்திருந்தால், அவற்றின் ஃபில்டர் கண்டன்சர்கள் வழியாக மெயின்ஸில் பாதி வோல்டேஜ் பெட்டி மேல் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு, ஆளைக் கொல்லாது. ஆனால் எர்த் இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

சரி, சத்தத்துக்கு வருவோம். உங்கள் வீட்டில் இரண்டு திருடர்கள். ஒருவன் ஃபோனோ வழியாக மட்டும் வருகிறான், பேசுகிறான், நள்ளிரவில் போய்விடுகிறான். இன்னொருவன் எந்த வழியிலும் வருகிறான், சாயங்காலம் மட்டும் வருகிறான். இரண்டுக்கும் சேர்த்து ஒரு மருந்து தேடியதுதான் நீங்கள் செய்த தவறு; கேபிள் காசு அதில்தான் போனது. சத்தத்தை யார் கிளப்புகிறார்கள் என்பதைவிட, அது ஆம்புக்குள் எந்த வயர் வழியாக நுழைகிறது என்பதை முதலில் பிடியுங்கள். ரேடியோ நிலையத்தை உங்களால் அணைக்க முடியாது. வயரைக் கழற்ற முடியும்.

இந்த வேலையில் காதுதான் முதல் மீட்டர். அடிக்குரலில் ஒரே சீராக ‘ம்ம்ம்’ என்றால் 50 ஹெர்ட்ஸ் ஹம்: எர்த், டிரான்ஸ்ஃபார்மர் சமாசாரம், ரேடியோ அலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதற்கு ஒரு ஸ்தாயி மேலே, முள்ளு முள்ளாக, ஈ மாட்டிக்கொண்ட மாதிரி ‘ஜ்ர்ர்ர்’ என்றால் வீட்டுக்குள்ளோ பக்கத்திலோ ஏதோ ஒன்று மின்சாரத்தை வினாடிக்கு 100 தடவை வெட்டுகிறது. ‘டட்டட்-டட்டட்-டட்டட்’ என்று தாளம் போட்டால் 2ஜி மொபைல். அந்தத் தொழில்நுட்பத்தில் ஃபோன் வினாடிக்கு 217 தடவை விட்டு விட்டு அலை அனுப்பும், அந்த வெட்டுதான் காதில் விழுகிறது. மொபைலே பக்கத்தில் இல்லையே என்று குழம்ப வேண்டாம். கீழே மளிகைக் கடையில் ‘ஐம்பது ரூபாய் பெறப்பட்டது’ என்று பேசும் பெட்டிக்குள்ளும் ஒரு சிம் இருக்கிறது. வாத்து கத்துவது போல யாரோ பேசுகிற மாதிரி, ஆனால் ஒரு வார்த்தையும் புரியாமல் இருந்தால் அருகில் ஒரு ஹாம் ரேடியோக்காரர், அதாவது பொழுதுபோக்காக வீட்டிலிருந்தே ரேடியோவில் பேசுகிறவர் இருக்கிறார். அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிரச்சினையைத் தீர்த்துவைக்க ஆள் தேட வேண்டியதில்லை, அவரே வந்து ஃபெரைட் என்ற, அலையைத் தடுக்கும் கறுப்பு வளையத்தில் வயரைச் சுற்றிக் கொடுப்பார்.

உங்களுக்குச் செய்தி வார்த்தை பிசகாமல் புரிகிறது. அப்படியென்றால் அது ஏஎம், அதாவது மத்திய அலை. தமிழில் பேசுகிறது, இரவில் முடிகிறது. அநேகமாக உங்கள் ஊர் வானொலியேதான். திருச்சி வானொலியின் மத்திய அலை 936 கிலோஹெர்ட்ஸ், 100 கிலோவாட். ஒரு பாக்கெட் ரேடியோவை 936-இல் வைத்து இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டால் நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ட்யூனரே இல்லாத ஆம்ப் எப்படி ரேடியோ பிடிக்கிறது? ஏஎம்மைப் பிடிக்க ட்யூனர் தேவையில்லை. ஒரு நீள வயரும், மின்சாரத்தை ஒரு பக்கம் அதிகம் மறுபக்கம் குறைவாக விடுகிற ஏதாவது ஒரு சந்திப்பும் போதும். ஜகதீஷ் சந்திர போஸ் கலீனா என்ற ஈயத் தாதுக் கல்லை வைத்து அலையை உணரும் கருவிக்கு 1901-இல் அமெரிக்காவில் விண்ணப்பித்தார், 1904-இல் காப்புரிமை கிடைத்தது. பின்னால் வந்த கிரிஸ்டல் ரேடியோக்கள் பலவற்றில் அலையை உணர்ந்தது இந்தக் கல்லும் ஒரு கம்பியும்தான், பேட்டரி கூடக் கிடையாது. அந்தக் கல் செய்த வேலையை உங்கள் ஆம்பின் முதல் டிரான்சிஸ்டரில் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவில் உள்ள சந்திப்பு செய்கிறது. யாரும் கேட்காமலே செய்கிறது என்பதுதான் தொல்லை. ஆம்பின் பின்னால் செருகுகிற ஆர்சிஏ பின் பச்சை பூத்திருந்தால் அதுவும் இதைச் செய்யும். செம்புக்கும் களிம்புக்கும் நடுவே ஒரு சின்ன டயோடு உருவாகிவிடுகிறது. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

கொஞ்சம் கணக்குப் போட்டால் விஷயம் தெளிவாகும். 100 கிலோவாட் கோபுரத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி, தரையில் இழப்பே இல்லை என்று வைத்தால், மீட்டருக்கு ஏறத்தாழ 0.6 வோல்ட் காற்றில் இருக்கும். கட்டடங்களும் மண்ணும் அதில் நிறையத் தின்றுவிடும், சரி, பத்தில் ஒரு பங்கு என்றே வையுங்கள்: 60 மில்லிவோல்ட். உங்கள் ரெக்கார்டு பிளேயரின் ஊசி தட்டிலிருந்து எடுக்கும் பாட்டு எவ்வளவு? ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் சாதாரண மூவிங் மேக்னெட் வகை என்றால் சுமார் 5 மில்லிவோல்ட். சிடி பிளேயர் 2 வோல்ட் கொடுக்கும். அதனால்தான் சிடியில் வராத ரேடியோ ஃபோனோவில் வருகிறது. ஃபோனோ பகுதி வந்ததைச் சுமார் நூறு மடங்கு பெருக்கும், அதற்குப் பிறகுதான் மற்ற இன்புட்டுகளுக்குச் சமமாக நிற்கும்.

இனி சோதனை. ஒவ்வொரு வயரையும் மாட்டும்போதும் கழற்றும்போதும் ஆம்பை அணைத்துவிடுங்கள், வால்யூமைக் குறைத்துவிடுங்கள்.

ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கும்போது வால்யூமை முழுக்கக் குறையுங்கள். ரேடியோவும் சேர்ந்து குறைந்தால் அது வால்யூமுக்கு முன்னால், அதாவது இன்புட் பக்கத்தில் நுழைகிறது. வால்யூமை மூடியும் அதே அளவில் பேசிக்கொண்டிருந்தால் பின்பக்கத்தில் நுழைகிறது: ஸ்பீக்கர் வயர், இல்லையென்றால் மெயின்ஸ் வயர். இந்த ஒரு திருகலில் பாதி வேலை முடிந்தது. என்னிடம் வரும் பலர் இதைச் செய்யாமலே ஆம்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள்.

ஸ்பீக்கர் வயர் வெளியே போகிற வயர்தானே, அது வழியாக எப்படி உள்ளே வரும் என்று கேட்பீர்கள். ஆம்பின் வெளியீட்டிலிருந்து ஒரு சிறு பங்கைத் திரும்ப முதல் கட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சரிபார்க்கிற சுற்று பெரும்பாலான ஆம்புகளில் உண்டு. ஸ்பீக்கர் வயர் பிடித்த அலை அந்தப் பின்வாசல் வழியாக நேரே முதல் டிரான்சிஸ்டருக்குப் போய்விடும். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஹெட்ஃபோனில் கேளுங்கள். ரேடியோ காணாமல் போனால் குற்றவாளி ஸ்பீக்கர் வயர்தான்.

உங்களுக்கு ஃபோனோவில் மட்டும் என்பதால் வால்யூமோடு சேர்ந்து குறையும் என்றே நினைக்கிறேன். அடுத்து, ரெக்கார்டு பிளேயரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள் என்று சொன்னால் எல்லோரும் ஃபோனோ சாக்கெட்டை அப்படியே திறந்து விட்டுவிட்டு, ‘இன்னும் அதிகமாகிறதே, அப்போது ஆம்பில்தான் கோளாறு’ என்கிறார்கள். திறந்த ஃபோனோ இன்புட் எதைத்தான் பிடிக்காது! அதை மூடிப் பார்க்க வேண்டும். இரண்டு பழைய ஆர்சிஏ பின்களை எடுத்து, நடு ஊசியையும் வெளி வளையத்தையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்து ஈயம் வையுங்கள். அந்த இரண்டையும் ஃபோனோவில் செருகி, வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு வால்யூமை வையுங்கள்.

இப்போது அமைதி என்றால் ஆம்ப் நிரபராதி. பிளேயரும் அதன் வயரும்தான் ஏரியல். இன்னும் ரேடியோ பேசினால் அலை வேறு வயர் வழியாக ஏறி, பெட்டிக்குள் போய், ஃபோனோ போர்டைத் தொடுகிறது. அப்போது டிவி வயர், டேப் வயர், சப்வூஃபர் வயர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். தேர்வு செய்யாத இன்புட்டில் தொங்கும் வயரும் ஏரியல்தான். டிவியிலிருந்து வரும் வயரோடு சுவருக்குள் ஓடும் கேபிள் டிவி வயரும் சேர்ந்தால் நல்ல உயரமான ஏரியல் கிடைத்துவிடும், நான்காவது மாடிக்குக் கேட்கவே வேண்டாம்.

பிளேயர் பக்கம்தான் கோளாறு என்று தெரிந்தால் இந்த வரிசையில் போங்கள். பிளேயரிலிருந்து தனியாக ஒரு மெல்லிய எர்த் வயர் வரும், நுனியில் கொக்கி மாதிரி ஒரு தகடு. அது ஆம்பின் பின்னால் உள்ள திருகாணியில் இறுக்கமாக மாட்டியிருக்கிறதா? வெறுமனே தொங்கிக்கொண்டிருப்பதைப் பத்துக்கு மூன்று வீடுகளில் பார்த்திருக்கிறேன். அடுத்து, ஊசி பொருத்திய தலைப்பகுதியை மெதுவாகத் திருகிக் கழற்றினால் நான்கு சின்ன முனைகள் தெரியும். காண்டாக்ட் கிளீனரை ஒரு பஞ்சில் நனைத்துத் துடையுங்கள். ஆர்சிஏ பின்களையும் சாக்கெட்டுகளையும் அப்படியே. செலவில்லாத வைத்தியம் என்பதால் இதை அலட்சியம் செய்கிறோம், பாதிப் பேருக்கு இதிலேயே ரேடியோ ஒரு படி இறங்கிவிடும்.

உங்கள் விலை கூடிய கேபிள் ஏன் கைகொடுக்கவில்லை? கேபிள் நல்ல கேபிளாகவே இருக்கலாம். ஷீல்டு என்பது அலையைத் தின்றுவிடாது, பிடித்து ஓரிடத்துக்குக் கொண்டுபோகும். அந்த ஓரிடம் ஆம்பின் வெளிப் பெட்டியாக இருந்தால் அலை பெட்டியின் தோல் மேலேயே ஓடிப் போய்விடும். ஆனால் பழைய ஆம்புகள் பலவற்றில் ஆர்சிஏ சாக்கெட் பிளாஸ்டிக் தகட்டில் பொருத்தியிருக்கும். வெளி வளையம் பெட்டியைத் தொடாமல் ஒரு வயர் வழியாக உள்ளே போர்டின் நடுவுக்குப் போகும். ஷீல்டு கொண்டுவந்த குப்பை அத்தனையும் கூடத்தில் கொட்டப்படுகிறது. நீல் மன்சி என்ற ஒலிப் பொறியாளர் 1995-இல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் இதழில் இதை விரிவாக எழுதினார். மைக் கனெக்டரில் ஷீல்டு வருகிற முதல் பின்னை வைத்து ‘பின் 1 பிரச்சினை’ என்று அதற்குப் பெயரே நின்றுவிட்டது. அந்தக் கட்டுரைக்குப் பிறகும் இதே தவறோடு வந்த கருவிகளை என் மேசையில் திறந்திருக்கிறேன்.

இதற்கு மாற்று: சாக்கெட்டின் வெளி வளையத்திலிருந்து, அதற்கு ஒட்டினாற்போல, பெட்டியின் இரும்புக்கு ஒரு சின்ன செராமிக் கண்டன்சர், 0.01 மைக்ரோஃபாரட், கால்களை முடிந்த மட்டும் குட்டையாக வெட்டி ஈயம் வைப்பது. ரேடியோ அலைக்கு அது திறந்த கதவு, 50 ஹெர்ட்ஸ் ஹம்முக்கு மூடிய கதவு. கால்கள் அரை அங்குலம் நீண்டாலே பலன் குறையும். இதோடு, நடு முனையிலிருந்து வெளி வளையத்துக்கு 100 பிகோஃபாரட் கண்டன்சர் ஒன்று. செராமிக்கில் ‘101’ என்று அச்சிட்டிருக்கும், ஒரு டீ விலை கூட இராது. ஆனால் இதைக் கண்டபடி ஏற்றாதீர்கள். மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜ்களுக்கு வயரையும் சேர்த்து இவ்வளவு பிகோஃபாரட்தான் சுமக்கும் என்று ஒரு கணக்கு உண்டு, பெரும்பாலும் 100 முதல் 300-க்குள். வயரே 100, 150 எடுத்துக்கொள்ளும். ரேடியோவை ஒழிக்கிறேன் என்று 1000 வைத்தால் ரேடியோ போகும், கூடவே தம்புராவின் மேல் நாதமும் போகும்.

ஆம்பைத் திறக்கத் துணிவில்லாதவர்களுக்கு ஃபெரைட். இங்கேயும் ஒரு ஏமாற்று நடக்கிறது. வயர் மேல் ‘டக்’ என்று மாட்டுகிற கறுப்பு உருளைகளை வாங்கி ஆளுக்கு இரண்டு மாட்டிவிட்டு, ஃபெரைட் வேலை செய்யவில்லை என்கிறார்கள். அவை 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள தொல்லைகளுக்கானவை. 936 கிலோஹெர்ட்ஸ் என்பது ஒரு மெகாஹெர்ட்ஸ் கூட இல்லை. அங்கே ஒற்றை உருளை இருப்பதும் இல்லாததும் ஒன்று. வேண்டியது பெரிய வளையம், அதில் பல சுற்று. சுற்றைக் கூட்டினால் தடை வர்க்கமாகக் கூடும்: ஒரு தடவை நுழைத்தால் ஒன்று என்றால், பத்து சுற்றுக்கு நூறு. இடது, வலது இரண்டு வயரையும் எர்த் வயரையும் ஒன்றாகச் சேர்த்து, ஆம்புக்கு ஒட்டி, பத்துப் பன்னிரண்டு சுற்று. பாட்டுக்குக் குறை வராதா என்று பயப்படாதீர்கள். பாட்டு நடுக்கம்பியில் போய் ஷீல்டில் திரும்புவதால் வளையத்துக்குள் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். வெளியிலிருந்து எல்லாக் கம்பியிலும் ஒரே திசையில் ஏறி வரும் அலையைத்தான் வளையம் தடுக்கும்.

இவ்வளவு பெரிய வளையத்துக்கு எங்கே போவது? பழைய டிவி பழுது பார்க்கிற கடையில் போய், குண்டு டிவியின் பிக்சர் டியூப் கழுத்தில் மாட்டியிருக்கும் யோக்கைக் கேளுங்கள். செம்புக்காக அதைப் பிரித்துவிட்டு, நடுவில் இருக்கும் கறுப்பு வளையத்தை மூலையில் போட்டிருப்பார்கள். என்னிடம் இருக்கிற மூன்றும் அப்படி வந்தவைதான். இரண்டு பாதியாகப் பிளந்து வரும், பிளவில் இடைவெளி விடாமல் டேப் சுற்றி இறுக்க வேண்டும். டியூபை நீங்களே கழற்றப் போகாதீர்கள், கடைக்காரர் கழற்றியதை மட்டும் வாங்குங்கள்.

கண்டன்சரும் ஃபெரைட்டும் சேர்ந்தால் நல்லது. தடுப்பதற்கு ஒன்று, வழிந்ததை வடிப்பதற்கு ஒன்று.

ஸ்பீக்கர் வயர்தான் வழி என்று தெரிந்தாலும் இதே வளையம், இதே சுற்று. வயரைத் தேவைக்கு மேல் விடாமல் வெட்டி, இரண்டு கம்பியையும் சடை பின்னுவது போல முறுக்குங்கள். ஸ்பீக்கர் முனைகளுக்குக் குறுக்கே கண்டன்சர் வைக்கச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சில ஆம்புகள் அதில் தானே ஊளையிட ஆரம்பித்துச் சூடேறிப் போய்விடும்.

இனி உங்கள் இரண்டாவது திருடன், அந்தச் சாயங்கால ‘ஜ்ர்ர்ர்’. எல்லா இன்புட்டிலும் வருவதால் மெயின்ஸ் வழியாகவோ நேரே பெட்டிக்குள்ளோ வருகிறது. என் முதல் சந்தேகம் ஃபேன் ரெகுலேட்டர். ஒன்று, இரண்டு என்று கட்டம் இல்லாமல் வழுவழுவென்று சுழலும் ரெகுலேட்டர் இருக்கிறதா? அதற்குள் டிரையாக் என்றொரு பொருள் ஒவ்வொரு அரை அலையிலும் பாதியில் கதவைத் திறந்து மின்சாரத்தை விடுகிறது. நடுவில் வைத்தால் அலையின் உச்சியில், 325 வோல்ட்டில் திறக்கும். அந்தத் திடீர்ப் பாய்ச்சல் வினாடிக்கு 100 தடவை. முழு வேகத்தில் வைத்தால் சத்தம் குறையும், நடுவில் வைத்தால் உச்சம். இப்படி நடந்தால் ஆள் அவன்தான். ‘டக் டக்’ என்று கட்டம் கட்டமாகத் திரும்பும், கண்டன்சர் வைத்த ரெகுலேட்டராக மாற்றிவிட்டால் தீர்ந்தது. திருகி வெளிச்சத்தைக் குறைக்கும் விளக்கு டிம்மரும் இதே ஜாதி. எட்டு மணிக்குக் குழந்தை தூங்க யாராவது படுக்கையறை ஃபேனைப் பாதியில் வைக்கிறார்களா என்று பாருங்கள்.

அது இல்லையென்றால் எல்இடி பல்பு, மொபைல் சார்ஜர், ரிமோட்டில் ஓடும் ஃபேன், மார்கழியானால் வாசலில் சீரியல் செட். கண்டுபிடிக்கப் பேட்டரியில் ஓடும் பாக்கெட் ரேடியோ போதும். ஏஎம்மில் 550-க்குப் பக்கத்தில், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வையுங்கள். அதே ‘ஜ்ர்ர்ர்’ அதிலும் கேட்கும். கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சுவிட்ச் போர்டாக நடங்கள். கூடுகிற பக்கம் போங்கள். பிறகு மெயின் போர்டில் உள்ள எம்சிபி சுவிட்சுகளை ஒவ்வொன்றாக இறக்குங்கள். எல்லாவற்றையும் இறக்கி, இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைத்த பின்னும் ரேடியோ இரைந்தால் தொல்லை வீட்டுக்கு வெளியே.

எனக்கு அப்படித்தான் ஆனது. எங்கள் அடுக்ககத்தில் மூன்று வாரம் சாயங்காலம் ஆறு மணிக்கு இரைச்சல், ஏழுக்கு நின்றுவிடும். மெயினை அணைத்தும் போகவில்லை. பாக்கெட் ரேடியோவோடு மாடிப்படியில் இறங்கினேன். படியோரம் தண்ணீர்க் குழாய் போகும் இடத்தில் மட்டும் அது கத்தியது, தள்ளிப் போனால் குறைந்தது. குழாயோடு ஒரு மெல்லிய வயர் கட்டியிருந்தது, கீழ்த்தொட்டியிலிருந்து மொட்டை மாடி டேங்க் வரை. பின்தொடர்ந்து போனால் வாட்ச்மேன் அறையில் தண்ணீர் மட்டம் காட்டும் பெட்டி. அதன் அடாப்டர் போய்விட்டது என்று யாரோ ஒரு மலிவு அடாப்டரைச் செருகியிருக்கிறார்கள். அவர் மோட்டார் போடும்போதுதான் அந்த சுவிட்சைப் போடுவார். ஐந்து மாடி உயர ஏரியலில் ஒரு மணி நேர ஒலிபரப்பு! நான் பிளக்கைப் பிடுங்கியதும் ரேடியோ சட்டென்று அடங்கியது. “டேங்க் நிரம்பி வழிஞ்சா என்னைத்தானே சார் கேப்பாங்க” என்றார் அவர். நியாயம்தானே. டிரான்ஸ்ஃபார்மர் வைத்த கனமான பழைய அடாப்டர் ஒன்றை என் பெட்டியிலிருந்து கொடுத்தேன், அவர் டேங்கும் நிரம்பியது, என் காதும் பிழைத்தது.

தெருக் கம்பத்திலிருந்தும் வரலாம். இன்சுலேட்டரில் தூசியும் உப்பும் படிந்தால் மின்சாரம் மேலே ஊர்ந்து பொறி விடும்; லேசாக ஈரம் பட்டால் கரகரக்கும், நல்ல மழை கழுவிவிட்டால் சில நாள் சும்மா இருக்கும். மழையோடு சம்பந்தம் தெரிந்தால் கம்ப எண்ணைக் குறித்துக்கொண்டு மின்வாரியத்தில் சொல்லுங்கள், நீங்கள் கம்பத்தை நெருங்கவே வேண்டாம். பகலில் மட்டும், வெயிலோடு வந்து வெயிலோடு போனால் மாடிச் சூரியத் தகடுகளின் இன்வெர்ட்டரைச் சந்தேகியுங்கள். கரண்ட் போனால் மட்டும் வந்தால் அது உங்கள் வீட்டு இன்வெர்ட்டர். சதுர அலை இன்வெர்ட்டரில் ஆம்ப் இரையத்தான் செய்யும், சைன் அலைக்கு மாறுவதைத் தவிர வழியில்லை.

மெயின்ஸ் வழிதான் என்று உறுதியானால், ஆம்பின் மெயின்ஸ் வயரை இன்னொரு ஃபெரைட் வளையத்தில் சுற்றலாம். மெயின்ஸ் ஃபில்டர் பெட்டி வாங்குவதும் சரிதான், ஆனால் அதில் பாதி வேலை எர்த்துக்குத் தள்ளிவிடுவது. எர்த்தே இல்லாத பிளக் பாயின்டில் அதைச் செருகினால் கிடைப்பது பாதிப் பலனும், பெட்டி மேல் இன்னும் கொஞ்சம் எறும்பும்.

இன்னொரு வார்த்தை, இதைப் படிக்கும் அசெம்பிள்டு ஆம்ப்காரர்களுக்கு. 4440 ஐசி போர்டை ப்ளைவுட் பெட்டிக்குள் வைத்து நாமே செய்த ஆம்புகளில் அலையைத் தடுக்கப் பெட்டியே கிடையாது. என்ன கேபிள் போட்டாலும் போர்டே நேராகப் பிடிக்கும். பெட்டியின் உள்சுவரில் அலுமினியத் தகடு அடித்து, அதை ஒரே இடத்தில் எர்த்தோடு சேர்த்துவிட்டுப் பிறகு மற்றதைப் பாருங்கள்.

உங்கள் பிளேயரின் பின்னால் ‘ஃபோனோ / லைன்’ என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறதா? இப்போது வரும் பல மாடல்களில் உண்டு. இருந்தால், மேலே சொன்ன எதையும் தொடங்கும் முன் அதை லைனுக்குத் தள்ளி, வயரை ஆம்பின் ஃபோனோவிலிருந்து எடுத்து ‘ஆக்ஸ்’ என்ற சாதாரண இன்புட்டில் செருகிப் பாருங்கள். பெருக்கும் வேலை பிளேயருக்குள்ளேயே முடிந்துவிடுவதால், அந்த ஒரு மீட்டர் வயரில் ஓடுவது 5 மில்லிவோல்ட்டாக இருக்காது, ஏறத்தாழ நூறு மடங்காக இருக்கும். செய்தி வாசிப்பவர் அதற்கு மேலும் பேசினால் ஈயக்கம்பியை எடுங்கள்.